தவறு செய்ய ஒரு வார்டு: நர்சிங் மாணவிகளுக்கு மெய்நிகர் பயிற்சியை முதல்முறை தொடங்குகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தார் எங்கள் கல்லூரிக்கு ஒரு விஆர் ஹெட்செட்டை, அதாவது கண்ணில் மாட்டினால் மெய்நிகர் அறைக்குள் நிற்பது போலக் காட்டும் கருவியை, கொண்டுவந்து காட்டினார்கள். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் வழியில் இருக்கிற சின்ன நர்சிங் கல்லூரி எங்களுடையது. மாணவிகளில் ஒரு பகுதி கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், இன்னொரு பகுதி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம், மீதிப்பேர் சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள். இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தாள். பளபளவென்று ஒரு அறை, ஒரே ஒரு கட்டில். வெள்ளைக்கார நோயாளி ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் தன் வலியைச் சொன்னார். அவள் தலையை நாலு பக்கமும் திருப்பிவிட்டு, "மேடம், இந்த வார்டில பைஸ்டாண்டர் ஒருத்தரும் இல்லையே" என்றாள்.

நோயாளிக்குத் துணையாக நிற்பவரைத்தான் எங்கள் பக்கம் பைஸ்டாண்டர் என்போம். எல்லாரும் சிரித்தோம். ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. நம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் சாயா வாங்கிவந்து, வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நோயாளிக்கு அன்போடு ஊற்றிக் கொடுப்பார். இன்னொருவர் டிரிப் மெதுவாக இறங்குகிறது என்று உருளையைத் தானே நகர்த்திவிடுவார். மூன்றாமவர்தான் "சிஸ்டர், நேத்து போட்ட மருந்து இந்த நெறம் இல்லையே" என்று கேட்டு ஓர் உயிரைக் காப்பாற்றுவார். இவர்கள் யாருமே இல்லாத வார்டில் பழகிவிட்டு நம் வார்டுக்குள் வருகிற பெண் தடுமாறத்தான் செய்வாள்.

அந்த ஹெட்செட்டை நாங்கள் வாங்கவில்லை. வாங்கிய இடம் ஒன்றில் அது அலமாரியில் பூட்டிக் கிடப்பதை அப்புறம் பார்த்தேன். எங்கள் டெமோ அறையையே படம் பிடித்து, ஒரு பழைய லேப்டாப்பில் சொந்தமாக ஒரு வார்டு கட்டினோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்பதைப் புதிதாகத் தொடங்கப்போகும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பெரிதாகத் தெரியாது என்றால் கவலை வேண்டாம். எனக்கும் தெரியாது.

எதற்கு இந்த வேலை

பொம்மையை வைத்து நர்சிங் கற்பிப்பது நூறு வருடம் தாண்டிய பழக்கம். 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்சிங் பள்ளிக்கு "மிஸஸ் சேஸ்" என்ற ஆள் உயரப் பொம்மை வந்தது. 1960இல் நார்வேயிலிருந்து வந்த "ரெசசி ஆன்" பொம்மையின் வாரிசுகள்தான் இன்றும் நம் லேபில் சிபிஆர் வாங்கிக்கொண்டு கிடக்கின்றன. பொம்மை கைப்பழக்கத்தைக் கற்றுத்தரும். ஆனால் ஒரே நேரத்தில் நான்கு கட்டில், இரண்டு போன், ஒரு கோபக்கார உறவினர் என்று மூளை சிதறும் நேரத்தில் எதை முதலில் பார்ப்பது என்பதை அது கற்றுத்தராது. மெய்நிகர் சூழல் உதவுவது அந்த இடத்தில்.

1999இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. தடுத்திருக்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்றது அது. எண்ணிக்கையை விட முக்கியமானது அது சொன்ன காரணம்: பெரும்பாலான தவறுகள் மோசமான ஆட்களால் நடப்பவை அல்ல, தவறு நடக்க வசதியாக அமைந்துவிட்ட ஏற்பாடுகளால் நடப்பவை. உலகச் சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக வைத்திருக்கிறது. அன்றைக்குப் போஸ்டர் போட்டி நடத்துவதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது.

நிர்வாகத்திடம் பேசும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். அமெரிக்காவில் பத்து நர்சிங் கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனால் (நிஜம் போன்ற சூழலை அமைத்துத் தரும் பயிற்சியால்) ஈடுகட்டியும் மாணவர்களின் திறமை குறையவில்லை என்று கண்டது. இதைக் கேட்டதும் "அப்போ வார்டு போஸ்டிங்கைக் குறைச்சிடலாமே, பஸ் செலவு மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆய்வு, பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், முடிந்தபின் நடந்ததை உட்கார்ந்து பேசும் முறையான டீபிரீஃபிங்கும் இருந்த இடங்களில் நடந்தது. நம் நாட்டில் எவ்வளவு நேரம் சிமுலேஷனுக்கு என்பதை இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டம்தான் தீர்மானிக்கும். நாம் கட்டப்போவது வார்டுக்குப் போகும் முன் நிற்கிற ஒரு திண்ணை மட்டுமே.

முதல் வேலை: ஒரே ஒரு தவறைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை, மென்பொருளைத் தேடிப் போவது. நாங்களும் ஒரு மாதத்தை அதில் தொலைத்தோம். முதலில் தேட வேண்டியது ஒரு தவறு. உங்கள் மாணவிகள் போகிற வார்டில் நிஜமாக நடந்த, அல்லது நடக்கப் பார்த்துத் தப்பிய ஒன்று.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஒரு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் ஒரு லீலாவும் ஒரு லீலாம்மாவும் இருந்தார்கள். காலையில் ஃபேன் ரிப்பேர் என்று ஒரு கட்டிலை நகர்த்தினார்கள். நான் கட்டில் நம்பரைப் பார்த்துக்கொண்டு போய், "நீங்க லீலா தானே?" என்று கேட்டேன். அந்த அம்மா "ஆமா மோளே" என்றார். ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் பாட்டி சத்தம் போட்டதால் தப்பித்தோம், நானும் அந்த அம்மாவும். "நீங்க லீலா தானே?" என்று கேட்டால் காது சரியாகக் கேட்காதவரும், பயந்துபோனவரும், மரியாதைக்காரரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, ஐபி நம்பரை (உள்நோயாளி எண்ணை) கைப்பட்டையோடு ஒத்துப்பார்ப்பதுதான் முறை. கட்டில் நம்பர் ஒருபோதும் அடையாளம் ஆகாது. இந்தப் பாடம் புத்தகத்தில் இருந்தது. நான் பரீட்சையிலும் எழுதியிருந்தேன்.

இப்படிப்பட்ட தவறுகளைச் சேர்க்க ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மாணவிகளும் வார்டு சிஸ்டர்களும் பெயர் எழுதாமல் எழுதிப்போடட்டும். ஆஸ்பத்திரி பெயரும் நோயாளி பெயரும் வேண்டாம். ஒரு மாதத்தில் உங்களுக்கு வேண்டியதை விட அதிகமாகச் சேர்ந்துவிடும்.

கதையை எழுதுதல்

எங்கள் முதல் கதையை அப்படியே தருகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இரவு டியூட்டி. பாறசாலையிலிருந்து வந்த 64 வயதுக்காரருக்குக் காலை உணவுக்கு முன் 10 யூனிட் இன்சுலின். அவர் வழக்கமாகப் போடும் இன்சுலின் வயலை (மருந்துக் குப்பியை) வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருக்கிறார். அது மி.லி.க்கு 100 யூனிட். வார்டு டிராலியில் இருப்பதோ மி.லி.க்கு 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். நம் ஊரில் இரண்டு வகையும் கடையில் கிடைக்கும் என்பதால் இந்தப் பொறி நிஜமானது. 40 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மி.லி. வரும். 100 யூனிட் வயலிலிருந்து எடுத்த கால் மி.லி.யில் இருப்பது 25 யூனிட். இரண்டரை மடங்கு.

கதையில் மாணவி முடிவெடுக்கும் இடங்கள் மூன்றே மூன்று. மருந்தை எடுக்கும்போது எதையெல்லாம் படிக்கிறாள் என்பது ஒன்று. பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃபைக் கூப்பிட்டு, அவர் தனியாகக் கணக்குப் பார்த்துச் சொல்லும்படி கேட்கிறாளா என்பது இரண்டாவது. தவறு நடந்துவிட்டிருந்தால், முக்கால் மணி நேரம் கழித்து அவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும்போது என்ன செய்கிறாள் என்பது மூன்றாவது. இரத்தச் சர்க்கரை பார்த்தால் 48, மிகவும் குறைவு. நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ் வாயில், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, கூடவே டாக்டருக்கு போன். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

ஐந்து வழி, ஆறு திருப்பம் என்று வைக்க ஆசை வரும். வேண்டாம். மூன்று முடிவு, அதிகபட்சம் பத்து நிமிடம். தவறான வழியில் போனவளை உடனே "தவறு" என்று சிவப்பு எழுத்தில் நிறுத்திவிடாதீர்கள். வார்டில் யாரும் சிவப்பு விளக்கு போட்டுச் சொல்வதில்லை. விளைவு மெதுவாகத் தெரியட்டும். முக்கால் மணி நேரம் கழித்து அவளே கண்டுபிடிக்கட்டும்.

நோயாளியைக் கதையில் சாகடிக்கலாமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. முதல் வருடத்தாருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சாவு வந்தால் அவர்களுக்குச் சாவு மட்டும்தான் நினைவிருக்கிறது, சிரிஞ்சின் மூடி நிறம் மறந்துபோகிறது.

அறையைக் கட்டுதல்

இனி கம்ப்யூட்டர். இலவசமாகக் கிடைக்கிற இரண்டு கருவிகள் போதும். ட்வைன் என்பது கிளைபிரியும் கதைகளை எழுதும் கருவி. "இதை அழுத்தினால் அங்கே போ" என்பதுதான் அதன் முழு வித்தை. தமிழில் தட்டச்சலாம், முடித்தால் ஒரே ஒரு கோப்பாகக் கையில் வரும், எந்த பிரௌசரிலும் திறக்கும். எச்5பி இன்னும் கொஞ்சம் பெரியது. அதில் அறையின் படத்தைப் போட்டு, படத்தில் அங்கங்கே தொடும் புள்ளிகள் வைக்கலாம். புள்ளியைத் தொட்டால் குரல் கேட்கும், லேபிள் பெரிதாகத் தெரியும், கேள்வி வரும். 360 டிகிரி படமும் ஏற்கும், சாதாரணப் படமும் ஏற்கும். எச்5பியை இணையம் இல்லாமல் லேப்டாப்பிலேயே உருவாக்க லுமி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் ஊர் நெட் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

360 டிகிரி கேமரா கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் கேமராவை வைட் ஆங்கிளில் வைத்து அறையின் நடுவில் நின்று நாலு திசைக்கும் ஒன்று, மருந்து டிராலிக்கு அருகில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று என்று ஆறு படம் எடுத்தால் போதும். நிஜ வார்டில் எடுக்கவே கூடாது. நோயாளியின் முகம், கேஸ் ஷீட், கைப்பட்டை எதுவும் படத்தில் வரக்கூடாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு தடவை எடுத்த படம் வாட்ஸ்அப்பில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டெமோ அறையில் கட்டில்களை நெருக்கிப் போட்டு, அட்டெண்டர் அண்ணனையும் ஆபீஸ் அக்காவையும் உட்காரவைத்து எடுங்கள். முக்கியமாக, பைஸ்டாண்டர்கள் வேண்டும். பிளாஸ்க், தூக்குச்சட்டி, கட்டிலுக்கடியில் சுருட்டிவைத்த பாய் எல்லாம் வேண்டும்.

கதைக்கு முன்பு, பழகுவதற்காக ஒரு "பிழை அறை" செய்யச் சொல்வேன். பல நாடுகளில் நோயாளி பாதுகாப்புப் பயிற்சியில் இதைச் செய்கிறார்கள். அறையில் வேண்டுமென்றே தவறுகளை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது. எங்கள் அறையில் யூரின் பை தரையில் கிடக்கும். கட்டில் சக்கரம் பூட்டாமல் இருக்கும், பக்கக் கம்பி இறங்கியிருக்கும், கூப்பிடும் மணி எட்டாத சுவரில் தொங்கும். பயன்படுத்திய ஊசி வெள்ளை டப்பாவுக்குப் பதில் சிவப்புப் பையில் கிடக்கும். "வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது" என்ற அட்டைக்குக் கீழேயே ஒரு பிளாஸ்க் இருக்கும். கேஸ் ஷீட்டில் 10 யூனிட் என்பதை ஆங்கில எழுத்தில் சுருக்கி எழுதியிருப்பதால் அந்த யூ இன்னொரு பூஜ்யம் போலத் தெரிந்து நூறாக வாசிக்கப்படும். ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல்களுக்கு நடுவே ஒரு பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் உட்கார்ந்திருக்கும். இந்தக் கடைசி ஒன்றை மாணவிகள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். பத்து மி.லி. ஆம்பூல் ஒன்றை நீர்க்கவைக்காமல் நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுபோகலாம் என்று அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

இதில் நாங்கள் பட்ட பாடு ஒன்று. இரண்டாவது பேட்ச், கண்ணில் பட்டதையெல்லாம் தொட ஆரம்பித்தார்கள். எதையாவது தொட்டால் மார்க் வரும் என்ற கணக்கு. அதனால் சரியாக இருக்கிற, ஆனால் சந்தேகமாகத் தெரிகிற சில பொருட்களையும் வைத்தோம். அதைத் தொட்டால் "இதில் என்ன தவறு, எழுது" என்று கேட்கும். தொடுவது குறைந்து, பார்ப்பது கூடியது.

மெய்நிகர் சூழலே கெட்ட பழக்கம் கற்றுக்கொடுக்கும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சானிடைசர் புட்டியைத் தொட்டால் உடனே "கை சுத்தம்" என்று டிக் விழும்படி வைத்திருந்தோம். நிஜத்தில் கையில் ஊற்றித் தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி ஆகும். ஒரு தொடலில் அதை முடித்துக் காட்டியபோது, கை கழுவுவது ஒரு பொத்தான் வேலை என்று நாங்களே கற்பித்துக்கொண்டிருந்தோம். இப்போது புட்டியைத் தொட்டால் திரை 20 விநாடிக்கு நகராது. அவள் நிஜமாகவே கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் எரிச்சல்படுவார்கள், படட்டும்.

இன்னொன்று: எந்தத் தளத்தையும் நம்பி எல்லாவற்றையும் அதில் கொட்டாதீர்கள். பள்ளிக்கூடங்கள் கொண்டாடிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸை 2021இல் மூடிவிட்டார்கள். மொசில்லா ஹப்ஸ் என்ற அருமையான இலவச மெய்நிகர் அறைகளை 2024இல் மூடினார்கள். படங்கள், குரல்கள், எழுதிய கதை மூன்றையும் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்திருந்தால், கருவி போனாலும் வார்டு போகாது.

குரல்: எல்லைக்காரர்களுக்கான பாடம்

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நோயாளிகள் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. நம் பக்கத்தவர் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறார்கள், அந்தப் பக்கத்தவர் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கிய காலத்தில் எல்லாமே ஒரே திருவிதாங்கூர்.

ஆகவே இங்கே பாதுகாப்பு என்பதில் பாதி, காதில் விழுவதைச் சரியாக எழுதுவது. ஒரு சேச்சி "பனி கொறவுண்டு மோளே, பக்‌ஷே நெஞ்சில் ஒரு பாரம்" என்றார். சிவகங்கைப் பெண் எழுதியது: குளிர்கிறது, ஏதோ குறை இருக்கிறது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், கொறவுண்டு என்றால் குறைந்திருக்கிறது. காய்ச்சல் குறைந்துவிட்டது, ஆனால் நெஞ்சில் பாரம் என்று அவர் சொன்னதில் அவசரமானது கடைசிப் பாதி. அதை அவள் எழுதவே இல்லை. முதல் பாதியைப் புரிந்துகொள்வதிலேயே அவளுக்கு நேரம் போய்விட்டது.

"கொறச்சு வெள்ளம் தா" என்று ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருவர் கேட்டால் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார். குமரிக்காரர்களுக்கு இதில் சிரமமில்லை, எங்களுக்கும் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். ஆனால் நாமும் ஒழுங்கில்லை. "ராத்திரி ரெண்டு மட்டம் சத்தி எடுத்தாரு" என்று நம் ஊர்ப் பைஸ்டாண்டர் சொன்னால், மதுரைப் பக்கத்துப் பெண்ணுக்கு அது வாந்தி என்று எப்படித் தெரியும்?

அதனால் குரல்களைப் பதிவு செய்யும்போது ஊர்ப் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். பாடப்புத்தகத் தமிழில் வலியைச் சொல்லும் நோயாளி எந்த வார்டிலும் கிடையாது. கதைக்குள் ஒரு முடிவு இப்படியும் இருக்கட்டும்: புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுகிறாளா, "அம்மா, பனின்னா காய்ச்சலா?" என்று திருப்பிக் கேட்கிறாளா.

டியூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பதற்கும், அதாவது நோயாளிகளின் விவரத்தை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைப்பதற்கும், இதே பாடம். எஸ்பார் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. இப்போதைய நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் அந்த வரிசையில் சொல்வது. கேட்டவர் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் முதல் மூன்றையும் சொல்லிவிடுவார்கள். "நீங்க இப்பவே வந்து பார்க்கணும் டாக்டர்" என்ற நான்காவது மட்டும் தொண்டையில் நிற்கும். அதைச் சொல்லிப் பழகத்தான் கதையில் கோபக்கார டாக்டர் குரல் ஒன்று வைத்திருக்கிறோம்.

நடத்தும் நாள்

முதலில் மூன்று பேரிடம் ஓட்டிப் பாருங்கள்: ஒரு கடைசி வருட மாணவி, ஒரு முதல் வருட மாணவி, கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிக்கிற ஒரு ஆசிரியை. மூன்றாமவர் சொல்கிற குறைகள்தான் உருப்படியானவை.

பேட்சுக்கு ஆறு பேர் போதும். இருவர் விளையாட, நால்வர் டிவியில் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள். மார்க் கிடையாது. இங்கே நடப்பது இந்த அறையைத் தாண்டக்கூடாது. எந்த நேரமும் கை தூக்கி நிறுத்தலாம். இங்கே எது நிஜம் போல, எது அப்படியில்லை. முதல் வாக்கியத்தை மாணவிகள் நம்ப மாட்டார்கள்; இத்தனை வருடப் பள்ளி அனுபவம். நான் நோட்டுப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

ஹெட்செட் கைவசம் இருந்தால் உட்கார்ந்தபடியே, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். தலைசுற்றல், வாந்தி வருகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். வலிப்பு இருந்தவர்களுக்கு மாட்டவே வேண்டாம், அவர்கள் திரையில் பார்க்கட்டும். ஆளுக்கு ஆள் மாற்றும்போது முகம் படும் பட்டையைத் துடையுங்கள், ஆனால் ஸ்பிரிட்டை லென்ஸில் தொட்டுவிடாதீர்கள். தொற்றுத் தடுப்பு பற்றிய பாடத்தை வியர்வை ஊறிய ஹெட்செட்டில் நடத்துவது நன்றாக இராது.

டீபிரீஃபிங்: இங்கேதான் பாடம் நடக்கிறது

கதை பத்து நிமிடம் ஓடினால் பேச்சு இருபது நிமிடம் நடக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் கதையைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். வட்டமாக உட்காருங்கள். முதலில் அவர்கள் மனசில் இருப்பதைக் கொட்டட்டும். அப்புறம் நடந்ததை வரிசையாக அவர்களே சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் "ஏன்".

எங்களிடம் நடந்த ஒன்று, கிட்டத்தட்ட அப்படியே:

"மக்களே, வயலைக் கையில் எடுத்தப்போ எதைப் பார்த்த?"

"இன்சுலின்னு பேரைப் பார்த்தேன் மேடம். டேட் பார்த்தேன்."

"நம்பர்?"

"பார்க்கல."

"ஏன் பார்க்கத் தோணல?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். நானும் சும்மா இருந்தேன். ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. அப்புறம் சொன்னாள்: "வார்டில எப்பவும் ஒரே வயல்தான் மேடம் இருக்கும். அதனால நம்பர்னு ஒன்னு இருக்குங்கிறதே மறந்துபோச்சு."

"கவனமில்லை" என்று சொல்லி முடித்திருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது. வீட்டிலிருந்து வருகிற மருந்துக்கு வார்டில் தனி இடமும் சோதனையும் வேண்டும் என்ற முடிவுக்கு அந்தப் பெண்களே வந்தார்கள். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்காதீர்கள், அது திட்டு. "அந்த நேரம் உனக்கு எது சரின்னு பட்டது?" என்று கேளுங்கள். அவளுக்கு அந்த நேரத்தில் நியாயமாகத் தெரிந்த ஒரு காரணம் இருந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

அழுகிறவர்கள் இருப்பார்கள். நிஜ வார்டில் ஏற்கெனவே ஏதோ நடந்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர்களாக இருக்கலாம். பேட்ச் முடிந்தபின் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்.

பிறகு

திரையில் கற்றது கைக்கு வர வேண்டும். அதே வாரம் டெமோ அறையில் நிஜ சிரிஞ்சோடு, நிஜ லேபிளோடு ஒருமுறை செய்யவையுங்கள். நரம்பு விரலில் தட்டுப்படுவது, எண்பது கிலோ ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது இடுப்பில் விழும் பாரம், இவை எந்தத் திரையிலும் வராது.

பலன் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு சீட்டில் மூன்று கேள்வி: பெயரை நோயாளி வாயால் சொல்ல வைத்தாளா? கைப்பட்டை பார்த்தாளா? ஆபத்தான மருந்தை இன்னொருவர் தனியாகச் சரிபார்த்தாரா? வார்டில் மருந்து கொடுக்கும் நேரத்தில் உடன் நின்று டிக் போடுங்கள், மாணவிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. பயிற்சிக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம், மூன்று மாதம் கழித்து ஒரு வாரம். மூன்றாவது சீட்டுதான் உண்மை பேசும்.

இரண்டாவது கதையை மாணவிகளிடமே எழுதக் கொடுங்கள். எங்கள் பெண்கள் இரவு மூன்று மணிக்குக் கட்டில் கம்பியைத் தாண்டிக் கழிப்பறைக்கு இறங்கப் பார்க்கும் ஒரு பாட்டியின் கதையை எழுதினார்கள். குரலுக்குப் பாறசாலைக்காரி ஒருத்தி தன் அம்மூம்மாவிடம் (பாட்டியிடம்) வசனத்தைப் படித்துக்காட்டினாள். "எனக்குக் கழிப்பறை செல்ல வேண்டும்" என்பதை அப்படியே மலையாளமாக்கியிருந்தாள். அம்மூம்மா கேட்டுவிட்டு, "இங்ஙனெ ஆரும் பறயூலா மோளே" என்றாராம், இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள் என்று. சிஸ்டரைக் கூப்பிட வெட்கமாக இருக்கும், அதனால் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள், சும்மா எழுந்துபோவார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். வசனத்தை எடுத்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் கட்டில் கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும்.